"ஒத்துக்கிட்டா சட்டம் கிடையாது" என்று ஒரு ஃபார்வர்டு

மேஸ்திரி சொன்ன கூலிக்கு ஒத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டால், கொத்தனாருக்கோ சித்தாளுக்கோ குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1948 சட்டத்தின் பட்டியலிலேயே சாலைப் பணியும் கட்டடப் பணியும் இருந்தன. குறைந்த கூலிக்கு எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்றும் அதே சட்டம் சொன்னது. வெள்ளைத் தாளில் வாங்கிய கைநாட்டுக்கும் அதே கதிதான். 2019 ஊதியச் சட்டத்தொகுப்பும் இந்த உரிமையை எடுத்துவிடவில்லை.

டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கைப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு, அதில் ஆள் கூட்டி வந்த ஜமாதார் கமிஷன் என்று 1 ரூபாய் பிடித்துக்கொண்டதால் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசுதான் (நம்மூர் மேஸ்திரி கணக்கு மாதிரியே இருக்கிறது, இல்லையா?). 1982-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டு வந்திருந்தாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு.

அப்புறம், பாண்டு சுமக்கிற பெண்ணுக்கு அதே வேலைக்குக் குறைத்துக் கொடுப்பதும் சட்டவிரோதம், 1976-லிருந்தே.

தமிழ்நாட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை இணையதளத்தில் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டு உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.