பிரசங்க பீடம் வார்டு ஆபீஸ் இல்லை

போன ஞாயிறு நம் பெங்களூர் சபையின் தமிழ் ஆராதனையில், வார்டு தேர்தலுக்கு நிற்க நினைக்கும் கட்சிக்காரர் ஒருவருக்கு, அதாவது சபையாரின் 'அண்ணனுக்கு', பொன்னாடை போட்டு, மைக் கொடுத்து, ஐயர் (போதகர்) ஜெபித்ததை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. வீடியோ காக்ஸ் டவுனிலிருந்து கோலார் தங்கவயல் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "அண்ணன் வந்தாரு, பொன்னாடை போட்டோம், ஐயர் ஜெபம் பண்ணாரு, இதுல என்னங்க தப்பு?" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதில் சொன்னவர்களைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள். அதனால் இங்கே.

கட்சிக்காரர் கோயிலுக்கு வரலாம். எந்த பெஞ்சிலும் உட்காரலாம், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடலாம். அவரும் ஓர் ஆத்துமாதானே. ஆனால் பிரசங்கம் முடிந்து ஆசீர்வாதம் கூறுவதற்குள், ஒருவரும் எழுந்து போக முடியாத அந்த நேரத்தில், அறிவிப்பு என்ற பெயரில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தது தப்பு. "நம்ம சபை ஓட்டு மொத்தமும் அண்ணனுக்குத்தான்" என்று செக்ரட்டரி சொன்னது தப்பு. தலையில் கைவைத்து "இவரை இந்த வார்டில் உயர்த்தும் ஆண்டவரே" என்று ஜெபித்தது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லாதவர் யாருக்கு விரோதி, ஆண்டவருக்கா அண்ணனுக்கா?

"தேர்தல் தேதியே அறிவிக்கலையே, நடத்தை விதி எங்கே வந்தது?" என்று விவரம் தெரிந்த ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஐயா, நடத்தை விதியை விடுங்கள். மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது தேர்தல் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. 3-ஆம் பிரிவு, வழிபாட்டு இடத்தை அரசியல் வேலைக்குக் கொடுக்காதே என்கிறது. 5-ஆம் பிரிவு சபைப் பணத்தைப் பற்றியது. 6-ஆம் பிரிவு சபை நடத்தும் விழா, ஊர்வலம், கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. நாடாளுமன்றம், சட்டமன்றம் மட்டுமில்லை, உள்ளாட்சித் தேர்தலுக்கு நிற்க நினைப்பவருக்காகச் செய்யும் வேலையும் அதில் அடக்கம். ஐந்து வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் முதலில் கைகாட்டுவது பொறுப்பில் இருப்பவரை. அதாவது ஐயரையும் கமிட்டியையும். அண்ணனுக்கு வேறு வார்டு இருக்கிறது, வேறு சபையும் இருக்கிறது.

இதுவே சட்டமன்றத் தேர்தலாக இருந்தால் இன்னும் மோசம். "இவருக்குப் போடாவிட்டால் தேவனுக்குக் கணக்குச் சொல்லணும்" என்று ஒரு வார்த்தை வந்தாலே போதும். வாக்காளரை தெய்வக் கோபம் காட்டி மிரட்டுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2)-இல் ஊழல் நடவடிக்கை. ஜெயித்த பிறகும் 45 நாளைக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்த வெற்றியைக் கேள்வி கேட்கலாம்.

"மத்தவங்க மட்டும் பண்ணலையா?" பண்ணுகிறார்கள். மும்பை சாந்தாக்ரூஸில் 1990-இல் நடந்த தேர்தலை வைத்து எழுந்த வழக்கில், மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது, அது வேட்பாளரின் மதமானாலும் சரி வாக்காளரின் மதமானாலும் சரி, செல்லாது என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 4-3 என்று தீர்ப்பளித்தது. அன்று நம் ஆட்கள் கைதட்டினார்கள். தீர்ப்பு அடுத்தவருக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

இனி முக்கியமான கேள்வி. "அப்ப கிறிஸ்தவன் அரசியலே பேசக் கூடாதா?" யார் சொன்னது? தீர்க்கதரிசி நாத்தான், தாவீது ராஜாவின் முகத்துக்கு நேராக "நீயே அந்த மனுஷன்" என்றான். அது அரசியல்தான். ஆனால் அவன் தாவீதுக்குப் பொன்னாடை போட்டுவிட்டுச் சொல்லவில்லை. இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி நம் தமிழர், திருச்சிப் பக்கம் பிறந்தவர், 1975 முதல் 1986 வரை இதே பெங்களூரில் இந்தியச் சமூக நிறுவனத்தை நடத்தியவர். பிறகு ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகவே கிடந்த இளைஞர்களுக்காகவும் நின்றார். 2020 அக்டோபரில் கைது. நடுக்குவாத நோயால் கை நடுங்கியவர் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குழாய்க்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று மும்பையில், ஜாமீன் கிடைக்காமலே, 84 வயதில் இறந்தார். அந்த வாரம் அவருக்காக ஒரு வரி ஜெபம் கேட்டபோது "சபையில அரசியல் வேண்டாம் பிரதர்" என்றவர்கள் யார் யார் என்று அவர்களுக்கே தெரியும். போன ஞாயிறு மைக் பிடித்துக் கொடுத்ததும் அதே கைகள்தான். ஏழைக்காக நின்றால் அரசியல், அண்ணனுக்காக நின்றால் ஐக்கியமா?

"நாம சிறுபான்மை, அதுவும் கர்நாடகத்துல தமிழர். ஆதரவு வேணாமா?" இந்தக் கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த குடும்பங்கள் நம் பெஞ்சுகளில் இருக்கின்றன, பயம் பொய்யில்லை. ஆனால் மொத்த ஓட்டையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த சபையை எதற்கு ஒருவர் கவனிக்க வேண்டும்? வாங்கியவருக்குத் தேவையில்லை, எதிர்க்கட்சிக்கு ஆசையில்லை. கிடைத்ததுதான் என்ன? "எம்.பி. நிதியில சர்ச்சுக்குச் சுற்றுச்சுவர்" என்றாரே, கைதட்டினீர்களே! வழிபாட்டுத் தலத்துக்குள்ளோ மத அமைப்பின் நிலத்திலோ எம்.பி. தொகுதி நிதியைச் செலவழிக்க விதியே இல்லை. சிறுபான்மையினர் நலத் துறைக்கு விண்ணப்பம் எழுதுங்கள், அது உரிமை. அதற்குப் பொன்னாடை தேவையில்லை.

மைக் கையில் இருந்தபோது அவரிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. பட்டியல் சாதியினர் யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டு ஆணையின் 3-ஆம் பத்தி. பட்டியல் சாதிச் சான்று முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்ந்தார்கள், தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மாற்றச் சொன்னது, 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம். உங்கள் கட்சியின் நிலை என்ன அண்ணா என்று ஒருவர் வாய் திறந்தாரா? எப்படித் திறப்பார்கள்? கமிட்டித் தேர்தல் வந்தால் எந்தக் குடும்பம் எந்தச் சாதி என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள், அந்தப் பத்தியை எப்படி வாசிப்பார்கள்? பேசினால் "பிரிவினை ஆவி" என்று நமக்கே ஜெபம் ஏறெடுப்பார்கள்.

"மினுக்குள்ள வஸ்திரம்" உடுத்தியவனுக்கு நல்ல இடம் கொடுக்காதே என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. வழக்கமாக உட்காரும் பாட்டியை எழுப்பித்தான் அண்ணனுக்கு முன் பெஞ்சு கொடுத்தீர்கள். வீடியோவில் அதுவும் இருக்கிறது.

வேட்பாளர்களைக் கேள்வி கேட்க வேண்டுமா? ஞாயிறு அல்லாத நாளில் வெளியே ஒரு மண்டபம் எடுங்கள். எல்லாக் கட்சியையும் ஒரே கடிதத்தில் அழையுங்கள். கேள்விகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி முன்கூட்டியே கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். ஆராதனையில் பெயர் சொல்லாமல், தேர்தல் அமைதியாக நடக்க மட்டும் ஜெபியுங்கள். மாலை, பொன்னாடை, போட்டோ கிடையாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து வையுங்கள். அழைப்பது என்று எந்தத் தேதியில் தீர்மானம் போட்டீர்கள், முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், பொன்னாடைக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்தீர்கள்?