பின்னால வரத் தெரிஞ்ச மாடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. பால் கறந்து முடித்துவிட்டு, கட்டுத்தரையில் தவிட்டு மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவில் கால்கரி நகரத்தில் அப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை. அக்கா மகன் ஆடுகிறான். ஐஸ் ஹாக்கி. 17 வயசு.

அத்தை காபி கொண்டுவந்து பக்கத்தில் நின்றார்.

“மாப்ள எத்தன கோல் போட்டான் கண்ணு?”

“கோல் இல்லீங் அத்த.”

“போன வாரம்?”

“போன வாரமும் இல்லீங்.”

“அப்பறம் எதுக்குச் சாமி அந்தக் குளுருல கெடந்து பாடுபடறான்?”

அத்தைக்கு அவன் மேல் உசுரு. அந்தப் பாசத்தில்தான் கேட்டார். ஆனால் போன சித்திரை நோம்பிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோது ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இதையே அவன் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது என்னிடம், “மாமா, நான் கோல் போட விடாம பாத்துக்கறவன். அத இவங்களுக்கு எப்படிச் சொல்றது மாமா?” என்றான். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

அவன் ஆடும் இடத்துக்கு டிஃபென்ஸ்மேன் என்று பேர். 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பனித்தளம். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர். அதில் 2 பேர் டிஃபென்ஸ்மேன். அடிக்கிற பொருள் பந்து இல்லை, நம்ம ஊர்க் கச்சாயம் அளவுக்கு இருக்கும் கெட்டி ரப்பர் வட்டு. பக் என்பார்கள். முன்னால் ஆடும் 3 பேர் கோல் போடப் போகிறவர்கள். இந்த 2 பேர் எதிரி வரும் வழியை அடைக்கிறவர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றைக்கு ரெண்டாவது பாதிக்கு நடுவில் — பாதி என்பது பழக்கத்தில் வருகிறது, ஐஸ் ஹாக்கியில் 20 நிமிஷம் வீதம் 3 பகுதி — கூட ஆடும் டிஃபென்ஸ்மேன் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தடுமாறி விழுந்துவிட்டான். எதிரணியில் ரெண்டு பேர் பக்கை எடுத்துக்கொண்டு பறந்து வருகிறார்கள். குறுக்கே நம்ம பையன் ஒருத்தன்தான். அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். அவ்வளவுதான்.

பையன் என்ன செய்தான்? முகம் எதிரியைப் பார்த்திருக்க, உடம்பு பின்னாலேயே போகிறது. மட்டையை ஐஸ் மேல் படுக்கப் போட்டு, அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் பக் போகக்கூடிய இடைவெளியை மூடிக்கொண்டான். பக் வைத்திருந்தவன் தோளை ஆட்டிப் பாசாங்கு காட்டினான். இவன் அசையவில்லை. இன்னொரு தடவை காட்டினான். அதற்கும் அசையவில்லை. பின்னால் போய்க்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, அவனை ஓரத்துச் சுவர்ப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் அவன் ஒரு மூலையிலிருந்து அடித்தான். கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்று காலால் தடுத்தார். எல்லாம் நாலைந்து வினாடி. வர்ணனையில் கோல்கீப்பர் பேரைச் சொன்னார்கள். ஸ்கோர்ஷீட்டிலும் அவர் கணக்கில் ஒரு தடுப்பு ஏறியது. நம்ம பையன் பேர் எங்கேயும் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சித்தப்பா மகன் நின்றிருந்தான். ஊர்க் கபடி டீமில் கார்னர் ஆடுகிறவன், ஐஸ் ஹாக்கியை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறான். “பாயலீங்ணா! பாத்தீங்களா, அவன் பாயவே இல்லீங்ணா!” என்றான். ரைடர் காலை நீட்டி ஆசை காட்டும்போது பாய்கிற கார்னர் பாயிண்டைக் கொடுத்துவிட்டு வெளியே போவான். அதை உடம்பால் தெரிந்தவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ரெண்டு பேர் வரும்போது அடிக்கிறவனைக் கோல்கீப்பரிடம் விட்டுவிட்டு, நடுவில் போகும் பாஸை மறிக்க வேண்டும். பாஸ் குறுக்கே போய்விட்டால் கோல்கீப்பர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர வேண்டிவரும், பாதிக் கோல் திறந்து கிடக்கும். கண்ணுக்கு முன்னால் எதிரி வருகிறபோது 17 வயசுப் பையன் எவனுக்கும் பாயத்தான் தோன்றும். தோன்றியும் பாயாமல் இருக்கிறானே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டினவர். எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற ஏற்பாடுதான் கவலை. கரண்ட்டு மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் அப்படித்தான் ஏறியது. ரெண்டு எருதும் சரிவில் இறங்கும். கயிற்றின் மேல் ஆள் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் மொள்ளுகிற பறி மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். அப்புறம் எருதுகள் திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்து மேடேறி வர வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது? கிணறு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை, கண்ணுக்குத் தெரியாத கிணற்றைப் பார்த்துப் பின்னங்காலை எடுத்து வைக்க வேண்டும், நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நிற்க வேண்டும்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்பாரு போனால் எல்லாரும் திமிலையும் கொம்பையும் சுழியையும் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இவர் விற்கிறவரிடம், “கொஞ்சம் பின்னால தள்ளிக் காட்டுங்க” என்பாராம். முன்னால் போவது எல்லா மாடும் போகும், பின்னால் வர்றப்போதான் அதன் புத்தி தெரியும் என்பது அவர் பேச்சு. தலையைத் தூக்கி மிரளுகிற மாட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க மாட்டார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஆபரேஷன் ஆனபோது துணைக்கு ரெண்டு மாசம் கால்கரியில் இருந்தேன். காலை ஐந்தரைக்கு அவனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவது என் வேலை. காலுறை ரெண்டு போட்டும் விரல் மரத்துப்போகும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருவார், உள்ளூர்ப் பையன்களுக்குப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவர். முதல் நாளே, “பக்கைப் பார்க்காதே, பேரனோ மருமகனோ யாரைப் பார்க்க வந்தாயோ அவன் பாதத்தைப் பார், கழுத்தைப் பார்” என்று சொல்லிவிட்டார். அப்பாரு பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கழுத்து எதற்கு என்று சொல்கிறேன். எதிரணி பக்கை நம் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். டிஃபென்ஸ்மேன் திரும்பி ஓடிப் போய் அதை எடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் 80, 90 கிலோ ஆள் வேகமாக வருகிறான், முன்னால் சுவர். பக்கைத் தொடுவதற்கு முன்பே பின்னால் யார், எந்தப் பக்கமாக வருகிறான், நம்ம ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். தொட்ட பிறகு பார்த்தால் நேரம் போயிற்று. பெரும்பாலான பையன்கள் ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் பார்ப்பதே இல்லை. இவன் ரெண்டு தடவை பார்க்கிறான். ஒரு தடவை இடது தோள், இன்னொரு தடவை வலது தோள். பக் மட்டையில் பட்ட அடுத்த நொடி அது நம்ம ஆளிடம் போயிருக்கும். அலட்டல் இல்லை, பத்தடி பாஸ்தான். ஆனால் எதிரணி துரத்தி வந்த உழைப்பு மொத்தமும் வீண். அந்த ரெண்டு மாசத்தில் ஒரு நாள்கூட அவன் இதை மறந்து நான் பார்க்கவில்லை. யாரும் கைதட்டாத வேலையை 15 வயசில் தினமும் ஒரே மாதிரி செய்கிறவனை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே 15 வயசில்தான் அங்கே பெரிய ஜூனியர் அணிகள் பையன்களைப் பொறுக்குகிற பட்டியல் வந்தது. அதில் இவன் பேர் இல்லை. ஒரு அணிக்காரர் முகத்துக்கு நேராகவே “உயரம் போதாது தம்பி” என்று சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். அக்காவும் மச்சானும் அப்போதிருந்தே யோசிக்கிறார்கள். செலவு கொஞ்சமல்ல, ஸ்கேட்டும் மட்டையும் வாங்கியே கை இளைத்துவிடும். இந்த வருஷத்தோடு நிறுத்திப் படிப்பைப் பார்க்கச் சொல்லலாம் என்கிறார்கள். இங்கே ஊரில் சித்தப்பாவும் அதையே சொல்கிறார், “ப்ளஸ் டூ மார்க்கு மாதிரி, வந்தா வந்துது, இல்லாட்டி இல்ல, விட்டுட்டு வேலயப் பாக்கணும்” என்று.

அங்கேதான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே நாளில் மார்க் போட்டு முடிக்கிற விஷயமா இது?

என்ஹெச்எல் என்கிற பெரிய லீக் 18 வயசுப் பையன்களை வருஷா வருஷம் வரிசைப்படுத்தி எடுக்கிறது. டிராஃப்ட் என்பார்கள். இதையே தொழிலாக வைத்து ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற ஸ்கவுட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் 2012-ல் என்ன செய்தார்கள் பாருங்கள். முதல் 10 பேரில் 8 பேர் டிஃபென்ஸ்மேன்கள். நாலாவதாக எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட் நல்ல உயரம், நல்ல கட்டுமஸ்து. அந்த லீக்கில் அவர் ஆடியது மொத்தம் 37 மேட்ச். அதே வருஷம் 86-ஆவதாக எடுத்த கோல்டன் பரைகோ 2019-ல் செயின்ட் லூயிஸ் அணியோடு, அந்த லீக்கில் ஜெயிக்கிற அணிக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 120-ஆவதாக எடுத்த ஜேக்கப் ஸ்லேவின் இன்றைக்கு ஆடுகிறவர்களில் தடுப்பாட்டத்துக்கு உதாரணம் காட்டப்படுகிறவர். ரைன்ஹார்ட்டைக் குறை சொல்லவில்லை. 18 வயசில் அவரை அளந்த படிதான் தப்பு.

இன்னும் பழைய கதை வேண்டுமானால், ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமை 1989-ல் டெட்ராய்ட் அணி 53-ஆவதாக எடுத்தது. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை அவர் 7 தடவை வாங்கினார், ஸ்டான்லி கோப்பையை 4 தடவை. அவர் ஆட்டத்தின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள், ஆவேசமே இருக்காது. எதிரி போக நினைக்கிற இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பார்.

கால்கரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆள் மார்க் ஜியார்டானோ. அவரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2004-ல் கால்கரி அணி சும்மா ஒப்பந்தம் போட்டுச் சேர்த்தது. நடுவில் இடம் சரியாகக் கிடைக்காமல் ஒரு வருஷம் ரஷ்யாவுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார். அப்புறம் அதே கால்கரிக்குக் கேப்டன் ஆனார். 2019-ல் நாரிஸ் கோப்பை வாங்கும்போது அவருக்கு வயசு 35. மருமகன் அறைச் சுவரில் இவர் படம்தான் ஒட்டியிருக்கிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

சின்ன வயசிலேயே தெரிந்துவிடுகிறவர்களும் உண்டு, மறைக்கவில்லை. கால்கரியிலேயே பிறந்த கேல் மகாரை 2017-ல் நாலாவதாகவே எடுத்தார்கள், 2022-ல் நாரிஸும் ஸ்டான்லியும் ஒரே வருஷத்தில் வாங்கினார். ஆனால் அவரும்கூட எடுத்த கையோடு ஓடிவிடவில்லை. 2 வருஷம் கல்லூரி அணியில் ஆடிவிட்டுத்தான் போனார்.

முன்னால் ஆடுகிறவன் தப்புச் செய்தால் பின்னால் ரெண்டு பேர் இருக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் தப்புச் செய்தால் பின்னால் கோல்தான். ஆயிரம் விதமாக எதிரி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கண் பழகும். அதற்கு வருஷம் ஆகும். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் பிறக்கிறது. ஆறு மாசம் போனால்தான் அந்தச் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. தெரியாதவன் பிறந்த அன்றைக்கு வந்து பார்த்தால், “இது காங்கயமே இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவான். நம்ம ஊர்க்காரர்கள் கன்றுக்குப் பொறுக்கிறார்கள். பையனுக்குப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அவனிடம் குறை இல்லையா? இருக்கிறது. கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு வந்தால் பெரிய உடம்புக்காரன் இவனை நகர்த்திவிடுகிறான். 68 கிலோ வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதல் ரெண்டு எட்டு மெதுவாக இருக்கிறது. தூரத்திலிருந்து அடிக்கிற அடியில் பலம் இல்லை. உயரம் ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 206 சென்டிமீட்டர் உயரமான ஸ்டேனோ சாரா என்கிற டிஃபென்ஸ்மேன் ஆடின காலத்தில் மட்டையை நீட்டினால் பாதித் தளம் மூடிவிடும், அது இவனுக்கு வரப்போவதில்லை. ஆனால் 180 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஆடம் ஃபாக்ஸை 2016-ல் 66-ஆவதாக எடுத்தது கால்கரி அணிதான். அங்கே ஒரு மேட்ச்கூட ஆடாமல் வேறு இடம் போய், 2021-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு ஆடும்போது நாரிஸ் வாங்கினார். எடையும் கால் பலமும் 20 வயசுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். தோளுக்கு மேல் ரெண்டு தடவை பார்க்கிற பழக்கத்தை ஜிம்மில் ஏற்ற முடியாது.

என்ஹெச்எல்லுக்குப் போவான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. 32 அணி, ஒரு மேட்ச்சில் இறங்க அணிக்கு 6 டிஃபென்ஸ்மேன், மொத்தம் உலகத்துக்கே 192 இடம். அது கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். கல்லூரி அணியில் இடம் கிடைத்துப் படித்து முடித்தாலே எனக்குச் சந்தோஷம். நான் கேட்பது, 20 வயசு வரைக்கும் விடுங்கள் என்று மட்டும்தான். ஜூனியர் ஆட்டத்துக்கு அங்கேயே அந்த வயசு வரை இடம் வைத்திருக்கிறார்கள். அக்கா, மச்சான், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். போனில் சொன்னால் கோபம் வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். ஸ்கேட்டுக்கு ஆகிற செலவில் இந்த வருஷம் பாதி நான் தருகிறேன். மஞ்சள் விற்ற காசு இருக்கிறது.

ஒறம்பரைக்கு ஒன்று. வருகிற சித்திரையில் அவன் வந்தால் எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். “உன்னத் தாண்டி எத்தன பேர் போனாங்க கண்ணு?” என்று கேளுங்கள். அவன் முகம் மாறுவதைப் பாருங்கள்.

அடுத்த மேட்ச் இந்த ஞாயிற்றுக்கிழமை, இதே 7 மணிக்கு. போன் சின்னதாக இருக்கிறது என்று சித்தப்பா மகன் அவன் வீட்டு டிவியில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அத்தையும் வருகிறார். வருகிறவர்கள் வாங்க, காபி உண்டு.