மிகச்சிறு நிறுவனப் பங்குகளில் சூத்திரம் எதற்குப் பயன்படும்?

சில விதிகளைக் கணினியிடம் கொடுத்து, நூறு இருநூறு கோடி ரூபாய் சந்தை மதிப்புள்ள நிறுவனங்களைச் சலித்தெடுத்து, மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு நாற்பது சதவீதம் கிடைக்கும் என்று காட்டும் வரைபடங்கள் இப்போது முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இந்த முறையையே ஒதுக்கித் தள்ளுபவன் அல்ல நான். மிகச்சிறு பங்குகளில் எண்களை வைத்து முடிவெடுப்பது, விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்கும் ஆபரேட்டர்களின் டெலிகிராம் குழுவை நம்புவதைவிடப் பல மடங்கு மேலானது. ஆனால் அந்த எண்கள் எதை வாங்கலாம் என்று சொல்வதைவிட, எதைத் தொடக்கூடாது என்று சொல்வதில்தான் நம்பகமானவை என்பது என் கருத்து. வரைபடம் காட்டும் லாபத்தில் பெரும்பகுதி யாராலும் வாங்கியிருக்க முடியாத லாபம்.

இந்தப் பங்குகளின் மீது எண்களை வைத்து முதலீடு செய்பவர்களுக்கு ஏற்பட்ட ஈர்ப்புக்கு வரலாறு உண்டு. நியூயார்க் பங்குச் சந்தையின் பல பத்தாண்டுத் தரவை ஆராய்ந்த ரோல்ஃப் பான்ஸ், சிறு நிறுவனங்கள் அவற்றின் அபாயத்துக்கு ஏற்ற அளவையும் தாண்டிக் கூடுதல் வருமானம் தந்திருப்பதாக 1981-ல் எழுதினார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட டைமென்ஷனல் என்ற முதலீட்டு நிறுவனம் அந்த எண்ணத்தை வைத்தே தன் முதல் நிதியைக் கட்டியது. இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2017-ல் வகுத்தபடி சந்தை மதிப்பில் 251-ஆம் இடத்திலிருந்து கீழே உள்ள அனைத்தும் ஸ்மால்கேப் எனப்படும் சிறு நிறுவனங்கள்தான். மைக்ரோகேப் (மிகச்சிறு நிறுவனம்) என்ற தனி வகையை அந்த விதி சொல்லவில்லை. ஐந்நூறு பெரிய நிறுவனங்கள் அடங்கிய நிஃப்டி 500 குறியீட்டுக்கு வெளியே உள்ள நிறுவனங்களை வைத்து தேசியப் பங்குச் சந்தை நடத்தும் மைக்ரோகேப் 250 குறியீடு உண்டு. நான் இங்கே பேசுவது அதற்கும் கீழே, ஆய்வறிக்கை எழுத ஆளில்லாத அடித்தட்டைப் பற்றி. இங்கே சிறு முதலீட்டாளருக்கு ஓர் உண்மையான அனுகூலம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபதாயிரம் கோடி ரூபாயை நிர்வகிக்கும் ஒரு பரஸ்பர நிதி தன் பணத்தில் ஒரு சதவீதத்தை ஒரு பங்கில் போட நினைத்தால் அதற்கு இருநூறு கோடி தேவை. முந்நூறு கோடி மதிப்புள்ள நிறுவனத்தில், அதுவும் முக்கால் பங்கு அதை நடத்தும் புரொமோட்டரிடம் இருக்கும்போது, அது நடக்காத காரியம். பெரியவர்கள் நுழைய முடியாத இடத்தில் விலை தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை தவறாக இருப்பதும் அந்த விலையில் நமக்குப் பங்கு கிடைப்பதும் ஒன்றல்ல. இதற்கு எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸைவிடத் தெளிவான சான்று இந்தியச் சந்தையில் இல்லை. ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம் அது. மொத்தமே இரண்டு லட்சம் பங்குகள்தான். மும்பைப் பங்குச் சந்தையில் அதன் விலை பல காலம் ஒற்றை இலக்க ரூபாயில் கிடந்தது, ஆனால் ஒரு பங்கின் புத்தக மதிப்போ (கடன் போக நிறுவனத்தின் சொத்தில் ஒரு பங்குக்கு வருவது) ஐந்து லட்சம் ரூபாய்க்கும் மேல். இவ்வகை நிறுவனங்களுக்கு விலை கண்டறியும் சிறப்பு ஏலம் நடத்தச் சொல்லி செபி உத்தரவிட்டதன் பேரில், 2024 அக்டோபர் 29 அன்று 3 ரூபாய் 53 காசாக இருந்த பங்கு அன்றைய முடிவில் 2,36,250 ரூபாயில் நின்றது. இதை ஒரு சூத்திரத்தின் கண்ணால் பாருங்கள். புத்தக மதிப்போடு ஒப்பிட்டு மலிவான பங்குகளைத் தேடும் எந்த நிரலும் எல்சிட்டைப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கும். ஐம்பது பங்குகளைச் சம எடையில் வைத்திருப்பதாகக் கணக்குப் போட்டிருந்தால், இரண்டு சதவீத எடையுள்ள இந்த ஒரு பங்கு மட்டுமே மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கும். உண்மையில் அந்த மூன்றரை ரூபாய்க்கு விற்க ஆள் கிடையாது. ஐந்து லட்சம் பெறுமான பொருளை யார் மூன்றரை ரூபாய்க்குக் கொடுப்பார்கள்? எல்சிட் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிது என்பதால் தரவிலிருந்து அதை யாரும் நீக்கிவிடுவார்கள். முப்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று சிறிய அளவில் இதே பொய்யைச் சொல்லும் பங்குகள் கண்ணில் படாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன என்பதுதான் என் கவலை.

அடுத்தது, தரவில் இல்லாமல் போனவர்களின் கணக்கு. இன்று பட்டியலில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தாண்டு பின்னோக்கிப் போனால், இடையில் மூழ்கியவையும் வர்த்தகம் நிறுத்தப்பட்டவையும் கணக்கிலேயே வருவதில்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இப்படி விடுபட்ட நிறுவனங்களின் இழப்பை டைலர் ஷம்வேயும் வின்சென்ட் வார்தரும் 1999-ல் சரிசெய்து பார்த்தபோது, அங்கே சிறு நிறுவனங்களுக்கென்று சொல்லப்பட்ட கூடுதல் வருமானமே காணாமல் போனது. நம் ஊரில் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: இரு சந்தைகளும் நாள்தோறும் வெளியிடும் பாவ்காப்பி என்ற விலைப்பட்டியலின் பழைய கோப்புகளிலிருந்து அன்றன்றைய பட்டியலை நாமே கட்டிக்கொள்ளலாம். அதில் போனஸும் பங்குப் பிரிப்பும் சரிசெய்யப்பட்டிருக்காது என்பதால் அது அலுப்பூட்டும் வேலை. அந்த அலுப்புக்குப் பயந்தே பலரும் இன்றைய பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்கை ஏப்ரல் முதல் தேதியிலேயே தெரிந்ததாக எடுத்துக்கொள்வதும் இதே போன்ற பிழைதான். தணிக்கை செய்த ஆண்டு முடிவுகளை வெளியிட நிறுவனங்களுக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு, மிகச்சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் வருகின்றன.

செலவைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். வாங்குவோர் கேட்கும் விலை 98, விற்போர் சொல்லும் விலை 102 என்று இருக்கும் பங்கை வாங்கி விற்றாலே நான்கு சதவீதம் போய்விடும். மாதாமாதம் பாதிப் பங்குகளை மாற்றும் விதியில் அது ஆண்டுக்கு இருபத்து நான்கு சதவீதம். குறுகிய கால ஆதாயத்துக்கான வரி 2024 ஜூலையிலிருந்து 15-லிருந்து 20 சதவீதமாகியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பது சதவீத வரைபடத்தில் மிஞ்சுவது என்ன என்பதை அவரவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியேறும் வழியும் நம் கையில் இல்லை. ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத வரம்புள்ள பங்கு தொடர்ந்து பத்து நாள் கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் நாற்பது சதவீதம் காணாமல் போயிருக்கும், அந்தப் பத்து நாளும், விலை இறங்கினால் விற்கச் சொல்லி நாம் கொடுத்த ஸ்டாப் லாஸ் உத்தரவு வாங்க ஆளில்லாமல் வரிசையில் நிற்கும். ஐந்நூறு கோடிக்குக் குறைவான மதிப்புள்ள நிறுவனங்களுக்கென்றே 2023 ஜூனில் சந்தைகள் கூடுதல் கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தன. விலை வேகமாக ஏறும் பங்கு அதில் சிக்கினால் அன்றே வாங்கி அன்றே விற்கும் வசதியை இழக்கிறது. அதாவது ஏறும் பங்கை வாங்கச் சொல்லும் மொமெண்டம் சூத்திரம் எதைத் தேடுகிறதோ, அதுவே கண்காணிப்பு வலையில் விழும் தகுதியாகவும் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் பெயரளவு நிறுவனங்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 331 நிறுவனங்களின் வர்த்தகத்துக்கு செபி ஒரே நாளில் கட்டுப்பாடு விதித்தது. அவற்றில் சில பின்னர் மேல்முறையீட்டில் நிவாரணம் பெற்றன. எந்த நிரலும் அந்த நாளை முன்கூட்டியே காட்டியிருக்காது.

மொமெண்டம் குறித்து எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. பெரிய பங்குகளில் விலையும் வர்த்தக அளவும் சேர்ந்து உயர்வது பல கைகளின் கருத்து ஒரே பக்கம் சாய்வதைக் காட்டலாம். மிகச்சிறு பங்கில் அதே தடத்தை நான்கைந்து கணக்குகள் சேர்ந்து உருவாக்கிவிட முடியும். சாத்னா பிராட்காஸ்ட் பங்கின் விலை யூடியூப் காணொளிகள் மூலம் ஏற்றப்பட்டதாக செபி 2023 மார்ச்சில் பிறப்பித்த இடைக்கால உத்தரவை வாசித்தவர்களுக்கு, அந்த ஏற்றம் எந்தச் சூத்திரத்துக்கும் அழகான சமிக்ஞையாகத் தெரிந்திருக்கும் என்பது புரியும்.

பிறகு எண்களால் என்ன பயன்? இருக்கிறது, நிறையவே. ஜோசஃப் பியோட்ரோஸ்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மலிவான பங்குகளை ஒன்பது எளிய கேள்விகளால் தேறியவை, தேறாதவை என்று பிரித்தார். லாபம் உண்டா, தொழிலிலிருந்து பணம் வருகிறதா, அந்தப் பணம் லாபத்தைவிட அதிகமா, கடன் குறைகிறதா, புதிய பங்குகள் வெளியிடப்பட்டனவா என்ற வகைக் கேள்விகள் அவை. அந்தப் பிரிப்பின் பலன் சிறிய, குறைவாகக் கைமாறும், ஆய்வாளர்கள் கவனிக்காத நிறுவனங்களிலேயே கூடுதலாகத் தெரிந்தது. சிறு நிறுவனங்களின் கூடுதல் வருமானம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றுக்கிடையே குப்பை மிகுந்திருப்பதுதான் என்றும், தரத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தால் அது மீண்டும் துலங்குகிறது என்றும் கிளிஃப் அஸ்னஸும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் காட்டினர். நெல்லைப் புடைப்பதுபோல முதலில் பதரைப் போக்குவதே இந்தத் தட்டில் சூத்திரத்துக்குரிய வேலை.

நம் சந்தைக்கு ஏற்ற சலிப்பு விதிகள் என்று நான் நினைப்பவை இவை. ஐந்தாண்டு லாபத்தின் கூட்டுத்தொகையோடு ஐந்தாண்டு இயக்கப் பணவரவின் (தொழிலிலிருந்து வந்த பணத்தின்) கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, பாதிகூட வராதவற்றைக் கேள்வி கேட்காமல் தள்ளிவிட வேண்டும். விற்பனையைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி வளரும் நிறுவனம், ஆண்டுதோறும் வாரண்ட் (பின்னாளில் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) வெளியிட்டோ, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் முன்னுரிமை ஒதுக்கீட்டில் பங்கு கொடுத்தோ பணம் திரட்டும் நிறுவனம், புரொமோட்டர் பங்குகள் அடமானத்தில் இருக்கும் நிறுவனம், பதவிக்காலம் முடியும் முன்பே தணிக்கையாளர் விலகிய நிறுவனம் ஆகியவையும் அப்படியே. ஒரு காலாண்டு லாபத்தைச் சில பதிவுகளால் ஒப்பனை செய்துவிடலாம். ஐந்தாண்டுப் பணவரவை ஒப்பனை செய்வது அதைவிட மிகக் கடினம். மிஞ்சும் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை, குறிப்பாகத் தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பை, உட்கார்ந்து வாசிப்பதற்கு மாற்று கிடையாது.

எவ்வளவு வாங்குவது என்பதை நம்பிக்கை தீர்மானிக்கக் கூடாது, வர்த்தக அளவே தீர்மானிக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மட்டுமே கைமாறும் பங்கில், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் விற்பதானால் நாளுக்கு முப்பதாயிரம்தான். பத்து லட்சத்தை வெளியே எடுக்க முப்பத்து நான்கு வர்த்தக நாட்கள், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். ஸ்மால்கேப் நிதிகளே தங்கள் தொகுப்பில் பாதியை விற்க எத்தனை நாளாகும் என்று 2024 மார்ச்சிலிருந்து வெளியிட்டு வரும்போது, அவற்றைவிடச் சிறிய பங்குகளை வைத்திருக்கும் தனிமனிதர் அந்தக் கணக்கைப் போடாமலிருக்க நியாயம் இல்லை. மாற்றுவதையும் ஆண்டுக்கு ஒருமுறை, முடிவுகள் எல்லாம் வெளியான பிறகு ஜூன் மாதத்தில் செய்தால், செலவும் குறையும், ஓராண்டைக் கடந்தவற்றுக்கு வரி பன்னிரண்டரை சதவீதமாகவும் நிற்கும்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று பங்குச் சந்தைகளில் 2012-ல் தொடங்கிய எஸ்எம்இ தளங்களின் பங்குகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அங்கே அரையாண்டு முடிவுகளே வழக்கமாக இருந்து வந்திருக்கின்றன, நினைத்த எண்ணிக்கையில் விற்க முடியாமல் லாட் (குறித்த எண்ணிக்கையிலான பங்குகளின் கட்டு) கணக்கில்தான் விற்க வேண்டும், பெரும்பாலான நிறுவனங்களுக்குச் சலித்துப் பார்க்கும் அளவுக்குப் பட்டியலிட்ட வரலாறும் இல்லை. ஐந்தாண்டுப் பணவரவைக் கேட்கும் விதிக்கு அங்கே பதில் சொல்லக்கூடியவை மிகச் சில, அவையும் பெரும்பாலும் சந்தையின் முதன்மைத் தளத்துக்கு மாறும் தறுவாயில் இருப்பவை.