வாட்ஸ்அப்பில் மூன்று சிவப்பு டிக் கிடையாது

"நாளை முதல் எல்லா அழைப்பும் பதிவாகும். மூன்று நீல டிக் வந்தால் அரசு பார்த்துவிட்டது, மூன்று சிவப்பு டிக் வந்தால் உங்கள்மேல் வழக்கு" என்றொரு தகவல் பல வருடமாகக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே 2020-இல் மறுத்துவிட்டது.

இதை நம்பி என் பெரியப்பா, தினமும் காலையில் முருகன் படம் போடுகிறவர், இரண்டு வாரம் குழுவில் எதுவுமே போடவில்லை. கேட்டால், "போலீஸ் கேஸாகிடும்பா" என்றார். தனியாக இருக்கும் மனிதருக்கு அந்தக் குழுதான் பேச்சுத்துணை. எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, உண்மையில் டிக் என்ன சொல்கிறது? ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி நம் போனிலிருந்து போய்விட்டது. இரண்டு சாம்பல் என்றால் அவர் போனுக்குச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் படித்துவிட்டார். குழுவில் என்றால் எல்லோரும் படித்த பிறகுதான் நீலமாகும். அவ்வளவுதான், மூன்றாவது டிக்கே இல்லை. தனிப்பட்ட செய்திகளும் அழைப்புகளும் 2016 முதல் மறையாக்கம் (அனுப்புபவர், பெறுபவர் தவிர யாருக்கும் புரியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டே போகின்றன. நடுவில் வாட்ஸ்அப் நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. ஆனால் குழுவில் இருப்பவர் யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுக்கலாம், அது வேறு விஷயம்.

வந்த செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். பெரியப்பாவுக்கு அதைத்தான் முதலில் காட்டிக்கொடுத்தேன்.