பிடிக்கவில்லை என்றால் எழுந்து போயிருக்கலாமே

நம் ஊர்ப் பசங்களின் ராப்-மெட்டல் குழு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி மேடையில் வாசித்தபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கரண்டை நிறுத்தியவர்கள் நேற்று கொடுத்த விளக்கத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 'இளைஞர்களின் நலன் கருதி' கரண்டை நிறுத்தினார்களாம். இரண்டாவது பாட்டின் நடுவில், பாடிக்கொண்டிருந்த இளைஞர்களின் நலன் கருதி! என்ன ஒரு கரிசனம்.

பிடிக்கவில்லை என்றால் எழுந்து போங்கள். டீக்கடை திறந்துதான் இருந்தது. மெயின் சுவிட்சில் கை வைக்க உங்களுக்கு என்ன உரிமை?

'வெளிநாட்டு இரைச்சல்' என்கிறார்கள். சரி, மெட்டல் என்கிற இந்தக் கனத்த கிதார் இசை வெளியிலிருந்துதான் வந்தது. யாரிடமிருந்து? மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கிதார்க்காரர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிலாளி. 17 வயதில் மிஷின் அவர் விரல் நுனிகளைத் துண்டித்தது. விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார், பிற்பாடு கம்பிகளையும் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலியில் அதற்கும் பங்கு உண்டு. பட்டறையில் பிறந்த இசை, ஐயா. நம் மலையில் மட்டும் என்ன? தலைமுறை தலைமுறையாக இரும்படித்தவர்களும், 'கொள்' என்ற குழலை ஊதிப் பறை அடித்தவர்களும் ஒரே பழங்குடியினரான கோத்தர்கள்தானே?

எங்கள் அப்பா டீ பாக்டரியில், தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் பக்கத்திலேயே நின்று காது மந்தமானவர். நான் பள்ளியில் படிக்கும்போது அண்ணன் குன்னூரிலிருந்து லிங்கின் பார்க் குழுவின் கேசட் ஒன்று வாங்கி வந்தான். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நம்ம பாக்டரி மாதிரியே இருக்கேடா, இவனுங்களுக்கு நைட் ஷிப்ட் சம்பளம் எவ்வளவு?" என்றார். சிரித்துக்கொண்டிருந்தபோதே மேற்பார்வையாளர் ஒருவர் எங்கள் லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் வந்து நின்றார். "லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" அப்பாவே எழுந்து போய் டேப்பை அணைத்தார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

அது இருக்கட்டும்.

'ராப்பும் மெட்டலும் ஒட்டாது' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழுவும் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவும் 1991-லேயே சேர்ந்து ஒட்டிக் காட்டிவிட்டார்கள், அண்ணனுக்குத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை போல. 'லேப்டாப் வாசிக்கிறது, பசங்க சும்மா நிற்கிறார்கள்' என்பதாவது பேசத் தகுந்த விஷயம். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராப்-மெட்டல் குழு 1992-இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே சாம்பிள் (வெட்டி ஒட்டும் பதிவுச் சத்தம்), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் கிடையாது என்று அச்சடித்தார்கள். அந்தச் சண்டையை விடிய விடியப் போடலாம், நான் வருகிறேன். ஆனால் அது கேட்டவர்கள் போடும் சண்டை. நீங்கள் எங்கே கேட்டீர்கள்? அந்த இரண்டாவது பாட்டின் பீட்டே சி.டி.சி. மிஷின் சத்தத்தைப் பதிவு செய்து வெட்டி ஒட்டியது. உங்கள் ஊர்ச் சத்தத்தைத்தான் நிறுத்தினீர்கள்.

கெட்ட வார்த்தை வந்ததா? வந்தது. பச்சைத் தேயிலை விலையைச் சொன்ன பிறகு வந்தது. அந்த விலையைக் கேட்டதும் தோட்டக்காரர் வாயில் வருவதைவிட அது மென்மையான வார்த்தைதான்.

காட்டெருமை மிரளும் என்று கவலைப்பட்டவர்களுக்கு: புத்தாண்டு இரவு ரிசார்ட்டுகளில் டிஜே அலறும்போது காட்டெருமைகள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கின்றனவா? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். இவர்களை நிறுத்தியபோது மணி ஏழுகூட ஆகவில்லை.

'உனக்கு ஏன் இவ்வளவு கோபம், சொந்தக்காரனா?' ஆமாம், டிரம்ஸ் வாசிக்கும் பையன் எனக்குத் தம்பி முறை. அதனால் கரண்ட் தானாகப் போனதாக ஆகிவிடுமா?

உண்மையில் உறுத்தியது சத்தம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ராப் பாடுகிறவன் லைன் வீட்டுப் பையன், கிதார்க்காரன் பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் ஊர். ஒருவன் தமிழில் கேட்க, மற்றவன் படுகு மொழியில் பதில் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்று தேயிலை விலை கேட்கிறார்கள். முன்வரிசையில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்று போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெயர் சொல்லப் போவதில்லை.

டெல்லிப் பையன்களின் பிளடிவுட் குழு 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடையில் மெட்டலோடு ராப்பையும் டோல் மேளத்தையும் கலந்து வாசித்தபோது, 'இந்தியாவுக்குப் பெருமை' என்று பகிர்ந்தவர்கள்தான் இன்று கலாச்சாரம் பேசுகிறார்கள். இந்தப் பசங்களைக் கோயம்புத்தூரில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே கூட்டம் கைதட்டி, நாலு பேப்பரில் படம் வந்ததும் 'எங்கள் நீலகிரியின் செல்லப் பிள்ளைகள்' என்று பதிவு போடுவீர்கள்.

அதில் என்னை டேக் செய்யாதீர்கள்.