அது ராணிக் கதை இல்லைங்க

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்து ராணிகளைப் பற்றி எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஆக்னஸ் ஸ்ட்ரிக்லண்ட் பெயரை நான் எடுத்ததுமே மேடையில் இருந்தவர், "அந்தம்மா எழுதினது ராணிக் கதைங்க, வரலாறு இல்ல" என்றார். அரங்கமே சிரித்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தம்மா ஆவணம் பார்த்து எழுதியவர். இங்கிலாந்து ராணிகளின் வரலாறு, 12 தொகுதிகள், 1840 முதல் 1848 வரை வந்தன. அரசு ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டபோது அமைச்சர் ஜான் ரஸ்ஸல் முடியாது என்றார். விட்டாரா? அடுத்து வந்த நார்மன்பி பிரபுவிடம் அனுமதி வாங்கி உள்ளே போனார். 1844இல் பாரிஸ் போய், அங்கே அமைச்சராக இருந்த கீஸோவின் உதவியால் பிரெஞ்சு ஆவணங்களையும் பார்த்தார். கதை எழுத எதற்கு இத்தனை அலைச்சல்?

ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட் பக்கம் சாய்ந்து எழுதினார் என்பீர்கள். சரி, சாய்ந்தார். மெக்காலே சாயவில்லையா? அவரை மட்டும் வரலாற்றாசிரியர் என்கிறோமே. அப்புறம், உடை, விருந்து, செலவுக் கணக்கு என்று எழுதினாராம். செலவுக் கணக்கும் ஆவணம்தானே!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் ஆய்வேட்டிலும் இப்படித்தான் நடந்தது. மூன்று மாதம் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பென்சிலால் நகலெடுத்தேன். தொட்டால் உதிரும் தாளில் ஒரு விதவை ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட மனு, கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். அதை வைத்து எழுதிய அத்தியாயத்தின் ஓரத்தில் நெறியாளர் சிவப்பு மையில் எழுதியது ஒரே சொல்: "கதை". அடிக்குறிப்புகளை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த 12 தொகுதிகளில் பெரும் பங்கை எழுதியவர் ஆக்னஸின் அக்கா எலிசபெத். அட்டையில் அவர் பெயர் கிடையாது. "அவரே வேண்டாம் என்றாரே, அதற்கு யார் என்ன செய்வது?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், அவரேதான் வேண்டாம் என்றார். ஏன் என்று எனக்கு அன்று வரை புரிந்ததில்லை. சனிக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

ரஸ்ஸல், நார்மன்பி, பாரிஸ் எல்லாம் அப்போதே என் நாக்கு நுனியில் இருந்தன. மைக்கும் என் கையில்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.