அம்மா தொட்டால் தொற்று வருமா?

எடை குறைவாகப் பிறந்த குழந்தை தேறும்வரை இன்குபேட்டரில்தான் இருக்க வேண்டும், அம்மா தொட்டால் தொற்று வரும் என்று மேலே ஒரு பதிவு. அது சரியல்லங்க. வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு தொற்றைக் குறைக்கிறது, உயிரையும் காக்கிறது. டயாப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, நெஞ்சில் நிமிர்த்தி, மூச்சு தடைபடாதபடி தலையை ஒரு பக்கம் திருப்பித் துணியால் கட்டுவார்கள். அப்பாவும் செய்யலாம். வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்கு நிலைமை மோசமான குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் பொறுக்கச் சொல்வார்.

உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் 2022இல் வந்த குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கான பரிந்துரைகளைத் திறந்து பாருங்கள்: பிறந்தவுடன் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்றிருக்கும். பச்சிளம் குழந்தைகள் பிரிவு செவிலியரிடமும் கேட்கலாம்.